அடியில் கிடக்கும் மீனுக்கும் பசிக்கும்



மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில், தொட்டியின் அடியில் கருநிற மீன் ஒன்று கண்ணாடியைக் கவ்வியபடி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்நாட்டில் அதனை ‘இக்கான் பண்டாராயா’ என்கிறோம். நகரத் துப்புரவுத் தொழிலாளியைப் போலத் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று எண்ணி வைத்த பெயர் அது. “அழுக்கைத் தின்று பிழைத்துக்கொள்ளும், தீனி வேண்டாம்” என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறோம்.

இது தவறு. அந்த மீன் அழுக்கைத் தின்பதில்லை. தென் அமெரிக்க ஆறுகளில் கல்லிலும் மரக்கட்டையிலும் படரும் பாசியைச் சுரண்டித் தின்று வாழும் இனம் அது. சிறு தொட்டியில் உள்ள பாசி சில நாட்களில் தீர்ந்துவிடும். பிறகு பட்டினிதான். உடல் முழுவதும் கெட்டியான தகடுகள் இருப்பதால், அது மெலிவது மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். வயிறு உள்வாங்கி, கண்கள் குழிந்திருந்தால் மீன் பசியால் வாடுகிறது என்று அறியலாம்.

இதற்குச் செலவு அதிகமில்லை. சமையலுக்கு வாங்கும் காய்கறியில் ஒரு துண்டு போதும். வெள்ளரிக்காயை நன்றாகக் கழுவி, விரற்கடை கனத்தில் ஒரு வில்லை நறுக்குங்கள். அது மிதக்கும், ஆகையால் எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி அடியில் இறக்குங்கள். பூசணி, சர்க்கரைவள்ளி போன்ற கெட்டியான காய்கிழங்குகளை உப்பில்லாத நீரில் மெத்தென்று வேகவைத்து, ஆறிய பின் போடவேண்டும். கங்கோங் கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் போதும். பப்பாளி, தர்ப்பூசணி ஆகியவற்றில் சர்க்கரை இருப்பதால், எப்போதாவது ஒரு சிறு துண்டு கொடுக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி போன்ற புளிப்புப் பழங்கள் வேண்டாம். எண்ணெயும் மசாலாவும் பட்ட மிச்சக் கறி கூடவே கூடாது.

இம்மீன் இரவில் நடமாடுவது. எனவே விளக்கை அணைத்த பிறகு காயைப் போட்டு, மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அழுகிய காய் நீரை நஞ்சாக்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறை காய் கொடுத்து, மற்ற நாட்களில் அடியில் அமிழும் தீனி வில்லைகளைக் கொடுக்கலாம். அடியில் வாழும் மீன்கள் எல்லாம் காய் தின்பவை அல்ல. மீசையுடன் மணலைக் கிளறித் திரியும் சிறிய கோரிடோரஸ் மீனுக்குப் புழுவும் தீனி வில்லையுமே முக்கிய உணவு.

தாய்மார்களே, ஒன்றை மறவாதீர்கள். தோட்டத்தில் மருந்து அடிக்கப் பயன்படுத்திய வாளியில் மீனுக்குத் தண்ணீர் எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. மருந்து தெளித்த இடத்துக் கீரையும் வேண்டாம்.

நன்றாக வளர்ந்தால் பண்டாராயா மீன் ஓர் அடிக்கு மேல் நீளும். அப்போது பலர் அதைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றியதாக அவர்கள் நினைக்கலாம். ஆனால் சிலாங்கூரில் லங்காட் ஆறு இன்று இம்மீன்களால் நிறைந்து கிடக்கிறது. அவை கரையைக் குடைந்து முட்டையிடுகின்றன, கரை சரிகிறது. நம் நாட்டு மீன்களின் உணவும் இடமும் பறிபோகின்றன. ஆகவே ஆற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். புதிதாக வாங்குவோர், அரை அடிக்குள் அடங்கும் பிரிசில்நோஸ் இனத்தைக் கேட்டு வாங்கலாம்.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, மீனின் வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளரித் துண்டை அவன் கையாலேயே போடட்டும். வாய்விட்டுக் கேட்க முடியாத உயிரின் பசியை அறிந்துகொள்வதும் ஒரு படிப்புத்தான்.