கோளாற்றின் வேரைத் தேடி

குறைந்த விலையில் கிடைப்பதால் பயன்படுத்திய மகிழுந்தைப் பலர் விரும்பி வாங்குகின்றனர். ஆனால், வாங்கிய சில வாரங்களிலேயே காரணம் புரியாத கோளாறு தலைகாட்டுவதுண்டு. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது இயந்திரம் நடுங்கும். சில வேளைகளில் அணைந்தும் போகும். நெடுஞ்சாலையிலோ வண்டி எவ்விதக் குறையுமின்றி ஓடும். இதைச் சிறு தொல்லை என்று விட்டுவிட முடியாது. சாலைச் சந்திப்பில் இயந்திரம் அணைந்தால் திசைமாற்றி கனத்துவிடும்; சில முறை மிதித்த பிறகு பிரேக்கும் இறுகிவிடும்.

இத்தகைய நிலையில், "ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் பெட்ரோல் பம்பை மாற்றுவோம்" என்று ஒவ்வொரு பாகமாக மாற்றுவோர் உண்டு. இஃது இருட்டில் கல்லெறிவது போன்றது. பணம் கரையும், கோளாறோ அப்படியே இருக்கும்.

முதலில் தேவைப்படுவது உற்றுநோக்குதல். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது கோளாறு ஏற்படுகிறதா, சூடான பின்னரா? நிற்கும்போதா, மேடு ஏறும்போதா? குளிரூட்டியை இயக்கினால் கூடுகிறதா? இவற்றைக் குறித்துவைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கூறினால், தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, இயந்திர எச்சரிக்கை விளக்கைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால், விளக்கு பழுதாகியிருக்கலாம்; அல்லது குறையை மறைக்க யாரேனும் அதைத் துண்டித்திருக்கலாம். வண்டியின் கணினியில் பதிவாகியுள்ள கோளாற்றுக் குறியீடுகளைச் சிறிய கருவி ஒன்றைப் பொருத்திப் படிக்கலாம். விற்பதற்கு முன் இவற்றை அழித்துவிடுவோரும் உண்டு. ஆனால், அழித்தவுடன் கணினியின் சுயசோதனைகள் பல 'இன்னும் முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அண்மையில் ஏதோ அழிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அதுவே தடயம்.

குறியீடும் ஒரு தடயமே, தீர்ப்பு அன்று. பெட்ரோல் முழுமையாக எரிய, எடை அளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்னும் பொருள்படும் குறியீடு தோன்றினால், காற்று எங்கோ கசிந்து நுழையலாம். அல்லது பெட்ரோல் போதிய அளவு வராமல் இருக்கலாம். இவ்விரண்டில் எது காரணம்?

குறையை ஈடுசெய்யக் கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதையும் அந்தக் கருவி காட்டும். வண்டி நிற்கும்போது இந்த அளவு மிகுந்தும், இயந்திரத்தின் சுழற்சியை நிமிடத்திற்கு 2,500 ஆக உயர்த்தும்போது குறைந்தும் காணப்பட்டால், காற்றுக்கசிவே காரணமாக இருக்கக்கூடும். நிற்கும்போது இயந்திரம் சிறிதளவு காற்றையே இழுக்கிறது. ஆகையால், வெடித்த ரப்பர் குழாய் வழியே, அளவிடும் உணர்கருவிக்குத் தெரியாமல் நுழையும் காற்று பெரும் பங்காகிவிடுகிறது. வேகத்தில் இழுக்கப்படும் காற்று பன்மடங்கு கூடுவதால், கசிவின் பங்கு சிறுத்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் வண்டி நன்றாக ஓடியதற்கும் இதுவே காரணம். மாறாக, மேடு ஏறும்போது இந்த அளவு உயர்ந்தால், பெட்ரோல் பம்பையோ வடிகட்டியையோ ஐயுற வேண்டும்.

ஊகித்ததை உறுதிப்படுத்துவதும் இன்றியமையாதது. காற்று செல்லும் பாதையில் புகையைச் செலுத்தினால், வெடிப்புள்ள இடத்தில் அது வெளியேறும். அந்தக் குழாயை மாற்றிய பின்னர், முன்பு கோளாறு தோன்றிய அதே சூழலில் வண்டியை மீண்டும் சோதிக்க வேண்டும். நடுக்கம் நின்று, கணினி காட்டும் அளவும் சீரானால்தான் பழுது நீங்கியதாகக் கொள்ளலாம்.