பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது: மேல்வகுப்புப் பாடத்தை இப்போதே தொடங்கலாமா?

ஆறாம் வகுப்பில் பிள்ளை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி, "ஐஐடி ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்த்துவிடலாமா?" என்பதுதான். வளைகுடாவில் இருக்கும் வாப்பாவுக்குத் தகவல் போகிறது. "பணத்தைப் பற்றி யோசிக்காதே, சேர்த்துவிடு" என்று அவர் சொல்லிவிடுகிறார். அடுத்த வாரமே ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்.

பிள்ளையின் நன்மைக்காகத்தான் இதைச் செய்கிறோம். ஆனால் சேர்க்கும் முன் கட்டணம் எவ்வளவு, வேன் வருமா, போன வருடம் எத்தனை பேர் தேர்வானார்கள் என்றெல்லாம் விசாரிக்கும் நாம், பிள்ளை இதற்குத் தயாரா என்பதை மட்டும் விசாரிப்பதில்லை.

நூறு மதிப்பெண் போதுமா?

பள்ளித் தேர்வு, சொல்லிக்கொடுத்த கணக்கைச் சொல்லிக்கொடுத்த முறையில் கேட்கிறது. நினைவாற்றல் உள்ள பிள்ளை, புரியாமலேயே நூறு வாங்கிவிட முடியும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஆறு லிட்டர் எண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் வேண்டும்? 12 என்று பிள்ளை சொல்லிவிடும். "ஆறை வகுத்தோம், விடை ஆறைவிடப் பெரிதாக வந்திருக்கிறதே, எப்படி?" என்று அடுத்துக் கேளுங்கள். 100 ரூபாய்ச் சட்டையின் விலையை 20 சதவீதம் ஏற்றிவிட்டு, பிறகு 20 சதவீதம் குறைத்தால் என்ன விலை? பழையபடி 100 என்று சொன்னால், சதவீதம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். சரியான விடை 96. 3/7, 4/9 இரண்டில் எது பெரிது, ஏன்? விடையைவிட அந்த 'ஏன்' என்பதற்கு வரும் பதில்தான் நமக்கு முக்கியம். தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் தன் சொந்த வார்த்தையில் விளக்கினால், அந்தப் பாடம் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது.

பின்னம், விகிதம், குறை எண்கள், எளிய இயற்கணிதம் ஆகிய நான்கும் உறுதியாக இல்லாமல் மேலே போனால், குறை உடனே தெரியாது. பதினொன்றாம் வகுப்பில் நுண்கணிதம் வரும்போதுதான் தெரியும். அங்கே தடுமாறும் மாணவர்களில் பலர் தோற்பது நுண்கணிதத்தில் அல்ல. a கூட்டல் b-யின் வர்க்கத்தை விரிக்கும்போது நடுவில் வரும் 2ab-ஐ விட்டுவிடுவது, பின்னங்களைத் தவறாகக் கூட்டுவது போன்ற பழைய பிழைகளில்தான். அப்போது "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடுகிறது. அதை மாற்றுவது மிகக் கடினம்.

இவ்வளவு அவசரம் தேவையா?

ஜேஇஇ தேர்வின் கணக்குப் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை ஒட்டியது. தமிழகத்தில் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்களில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. பாதி எடை கணிதத்துக்கு. ஆக, அடித்தளம் உறுதியாக உள்ள பிள்ளைக்கு வழி அடைபடவில்லை.

16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. மாணவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

உண்மையாகவே முன்னே நிற்கும் பிள்ளை

அப்படியானால் எந்தப் பிள்ளைக்கும் மேல்பாடம் வேண்டாம் என்கிறோமா? இல்லை. யாரும் சொல்லாமலே அண்ணனின் புத்தகத்தை எடுத்துப் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. கொடுத்த கணக்கை முடித்துவிட்டு, வேறு வழி இருக்கிறதா என்று தேடும் பிள்ளைகள் உண்டு. இவர்களை ஒரே மாதிரிக் கணக்குகளில் வருடக்கணக்கில் உட்கார வைப்பதும் அநியாயம்தான். சலிப்பில் அந்த ஆர்வம் அணைந்துவிடும்.

இவர்களுக்கும் முதலில் தர வேண்டியது ஆழம். கணித ஒலிம்பியாட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.  பள்ளி மாணவர்களுக்கான மிகக் கடினமான போட்டி இது. ஆனாலும் இதற்கு நுண்கணிதம் தேவையில்லை. எண்கள், வடிவியல், இயற்கணிதம், எண்ணும் முறைகள் ஆகியவற்றிலேயே மாதக்கணக்கில் யோசிக்க வைக்கும் கேள்விகள் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் வளர்ந்த டெரன்ஸ் டாவ் ஒன்பது வயதிலேயே பல்கலைக்கழகக் கணித வகுப்புக்குப் போனவர். ஆனால் அவர் முழுநேரப் பல்கலைக்கழக மாணவரானது 14 வயதில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் மற்றப் பாடங்களைப் பள்ளியில் படித்தார். 2006-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். நம் கும்பகோணத்து ராமானுஜனோ கணிதத்தில் மூழ்கி, மற்றப் பாடங்களில் தேறாமல், கல்லூரி உதவித்தொகையையே இழந்தார். மேதைக்கும் மற்றப் பாடங்கள் தேவைப்பட்டன என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். மகன் கணக்கில் முன்னே நின்றால் ஊரெல்லாம் விசாரிக்கிறோம். மகள் நின்றால், "நல்லா படிக்கிறா" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். மேலே சொன்ன கேள்விகளை அவளிடமும் கேளுங்கள்.

சேர்ப்பதாக இருந்தால்

முதலில் பள்ளியின் கணக்கு ஆசிரியரிடம் பேசுங்கள். பயிற்சி மையத்துக்கு ஒரு சேர்க்கை கூடினால் லாபம் உண்டு, அவருக்கு இல்லை. அடுத்து, மூன்று மாதம் மட்டும் பார்ப்போம் என்று பிள்ளையிடமே சொல்லிச் சேருங்கள். அந்த மூன்று மாதமும் தூக்கம் குறைகிறதா, விளையாட்டு நின்றுவிட்டதா, வகுப்பு நாளன்று வயிற்றுவலி வருகிறதா என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் தானாகப் புத்தகத்தைத் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். திறந்தால் தொடரலாம்.

இல்லையென்றால் தயங்காமல் நிறுத்துங்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறானே" என்ற பேச்சு வீட்டில் வேண்டாம். அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளை, இரண்டு வருடம் கழித்துத் தானே கேட்டு அதே வகுப்பில் சேரலாம். கணக்கை வெறுத்துவிட்ட பிள்ளை திரும்பி வருவது அரிது.

கடல் கடந்து உழைக்கும் வாப்பாமார்களிடம் நாம் வேண்டுவது இதுதான். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு எந்தக் கணக்கு உனக்குப் பிடிச்சிருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். மேல்பாடம் தொடங்கலாமா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே இருக்கும்.