பதிமலை யானைக்கு தண்ணி ஊத்தாதீங்க!

கோவை-பாலக்காடு ரோட்டில் க.க.சாவடி அருகே உள்ளது குமிட்டிபதி. இங்குள்ள பதிமலை குகையில் யானை, மனித உருவங்கள் வெள்ளை நிறத்தில் வரையப்பட்டுள்ளன. இவை சுமார் 3 ஆயிரம் ஆண்டு பழமையானவை என்று கூறப்படுகிறது.

இதன் மேலேயே சிலர் பெயர் கிறுக்கி வைத்துள்ளனர். ஊரில் வேறு சுவரே கிடைக்கவில்லை போலும்! கிறுக்கலை சுரண்டினால் ஓவியமும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

'படம் மங்கலா இருக்கே' என்று பாறை ஓவியத்தில் தண்ணீர் ஊற்றி போட்டோ எடுப்பதும் ஆபத்துதான். காய்ந்ததும் பாறையில் உள்ள உப்பு வெளியே வந்து படிந்து ஓவியத்தை மறைக்கும்.

ஆய்வாளர்கள் ஓவியத்தை தொடுவதே இல்லை. பக்கத்தில் அளவுகோல் வைத்து போட்டோ எடுப்பார்கள். 'டி-ஸ்ட்ரெச்' என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் அந்த போட்டோவில் நிறத்தை கூட்டி, கண்ணுக்கு தெரியாத கோட்டையும் காட்டிவிடும்.