டெல்டாவில் விளையாட்டரங்கம்: கூரைக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்

விளையாட்டரங்கம் என்றதும் எல்லார் கண்ணும் கூரைக்குத்தான் போகும். சென்னை சேப்பாக்கத்தில் 2011இல் புதிய பார்வையாளர் மாடங்கள் திறக்கப்பட்டபோதும் பேச்செல்லாம் அந்த வெள்ளைத் துணிக்கூரையைப் பற்றியே இருந்தது. லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு அது. பழைய கான்கிரீட் கூரையைத் தாங்கிய தூண்கள் ஆட்டத்தை மறைத்தன. எஃகு வடங்களால் இழுத்துக் கட்டிய துணிக்கு அப்படி நடுவில் தூண் நட வேண்டியதில்லை.

தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் என்று தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் காவிரிப் படுகையில் அரங்கம் கட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காலுக்குக் கீழே இருக்கும் மண்ணை.

சம்பா அறுவடை முடிந்த வயலில் மாசி, பங்குனியில் நடந்து பாருங்கள். களிமண் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கையையே விடலாம். அதே மண் ஐப்பசி மழையில் உப்பிக் குழைந்து காலை இழுக்கும். நெல்லுக்கு இந்தக் குணம் வரம், கட்டடத்துக்குச் சோதனை. மண் உப்பும்போது அஸ்திவாரம் மேலே தள்ளப்படுகிறது, சுருங்கும்போது இறங்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாக இது நடப்பதில்லை என்பதால் சுவரும் படிக்கட்டும் விரிசல் விடுகின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்த பைல் அஸ்திவாரம் அது. தரையைத் துளைத்துச் சென்று, அடியில் மட்டும் மேலுள்ள துளையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து கான்கிரீட் நிரப்புவார்கள். ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி, அசையாத ஆழத்தில் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும்.

மாடத்தை இப்படித் தாங்கிவிடலாம். ஓடுபாதையைப் பைல் மேல் நிறுத்த முடியாது. சர்வதேசத் தரத்தில் ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர், எட்டுப் பாதைகளும் சேர்ந்தால் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த அகலத்துக்குள் 10 சென்டிமீட்டருக்கு மேல் சரிவு கூடாது. ஓடும் திசையிலோ 1,000க்கு 1தான். தாருக்கு மேல் 13 மில்லிமீட்டர் அளவில் விரிக்கப்படும் செயற்கைத் தளம், அடியில் களிமண் அசைந்தால் தாங்காது. ஆகவே களியை வெட்டியெடுத்துவிட்டுக் கிராவல் கொட்டி, அடுக்கடுக்காக நீர்விட்டு இறுக்க வேண்டும். திறப்பு விழாப் படத்தில் தெரியாத செலவு இது. ஒப்பந்தப்புள்ளியில் முதலில் கைவைக்கப்படும் செலவும் இதுதான் என்பது என் கவலை.

அடுத்தது தண்ணீர். நல்ல புல்தரைக்கு அடியில் துளையிட்ட குழாய்கள், அதன்மேல் சரளை, அதற்கும் மேல் ஓர் அடி மணல் என்று அடுக்கியிருப்பார்கள். பெங்களூரு சின்னசாமி அரங்கில் 2017இல் நீரை உறிஞ்சியெடுக்கும் இயந்திரத்தையும் இதோடு இணைத்தார்கள். டெல்டாவின் சிக்கல் வேறு. கார்த்திகையில் சுற்றிலும் வயல் நிறைந்து, வடிகாலும் ததும்பி நிற்கும். குழாயின் வாய் அந்த நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் வெளியே போக வேண்டிய தண்ணீர் மைதானத்துக்குள் திரும்பும். தரையை மேடாக்க வேண்டும், அல்லது தொட்டி கட்டிப் பம்பு வைக்க வேண்டும்.

கூரைக்கும் இங்கே தனிக் கணக்கு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகளை வேரோடு சாய்த்ததை யாரும் மறக்கவில்லை. மெல்லிய கூரைக்கு அதன் எடையைவிட, காற்று அதை மேலே தூக்கும் விசைதான் பெரிய ஆபத்து. தாங்குவதைப்போலவே கீழே இழுத்துக் கட்டவும் வேண்டும்.

இளகிய நிலத்தில் கட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆழம் தெரியாத ஆற்றுமணலில் அடித்தளம் போடும் வித்தையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றார்.

உங்கள் ஊருக்கு விளையாட்டரங்கம் வரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: மண் பரிசோதனை அறிக்கை எங்கே? மழைநீர் எந்த வடிகாலில் போய்ச் சேரும்? இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகு அடிக்கல் நாட்டட்டும்.