கொக்குக்கு வெள்ளை வர்ணம் வேண்டாம்!

"வாட்டர்கலரா? அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சமாசாரம் இல்லையோ?" என்று கேட்பவர்கள் உண்டு. "அதற்கெல்லாம் முறையாகப் படித்திருக்கணும், நமக்கு வராது" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். தினமும் வாசலில் சிக்குக் கோலம் போடுகிற கைக்குப் பறவையை வரைய வராது என்றால் நான் நம்ப மாட்டேன். புள்ளியைச் சுற்றிக் கம்பியை வளைத்து வளைத்து, ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்கிறோமே, அந்த மணிக்கட்டு வாகுதான் கொக்கின் கழுத்துக்கும் வேண்டும்.

நான் குடியிருப்பது சேலையூரில். பிரஷ்ஷைக் கையில் எடுத்தபோது எனக்கு வயது 52. இன்று என் அலமாரியில் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. அத்தனையும் தாம்பரத்தைச் சுற்றியுள்ள பறவைகள். இதில் எனக்குத் தெரிந்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன், வாசகிகளே.

பறவையைத் தேடி எங்கே போவது?

எங்கேயும் போக வேண்டாம். சமையலறை ஜன்னலே போதும். காகமும் மைனாவும் எல்லார் வீட்டுக்கும் வரும். ஏழெட்டுப் பேராகக் கூடிக்கொண்டு ஓயாமல் வம்பு பேசும் தவிட்டுக்குருவிகள், செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும் தேன்சிட்டு, மதில் சுவர் மேல் கம்பீரமாக நடந்து போகும் செண்பகம் என்று ஒரு மாதத்துக்குள் பத்துப் பறவைகள் தேறிவிடும்.

அதற்கு மேல் ஆசை வந்தால், நம் பக்கத்து ஏரிகள் இருக்கவே இருக்கின்றன. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்கரணை ஏரிகளில் தாழைக்கோழி, முக்குளிப்பான், மடையான் எல்லாம் பார்க்கலாம். 1937-ல் தாம்பரத்துக்கு வந்த மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகம் இன்றும் பெரிய புதர்க்காடுதான். நன்மங்கலம் காட்டில் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வசிக்கிறது. பள்ளிக்கரணையில் பவளக்கால் உள்ளானும் பூநாரையும் உண்டு. குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கல் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மரம் மரமாய்க் குடித்தனம் நடத்துவதைக் காணலாம்.

என்னென்ன வேண்டும்?

முதலில் நல்ல காகிதம். வர்ணத்தில் கொஞ்சம் மட்டமானது இருந்தாலும் பாதகமில்லை. காகிதத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. சாதாரண நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம் போல் சுருண்டுவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வாட்டர்கலர் தாள் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பெரிய தாளை எட்டாக வெட்டிக் கொண்டால் நிறைய நாள் வரும்.

பிரஷ் இரண்டு போதும். உருண்டையான 8-ம் நம்பர் ஒன்று, நுனி வேலைக்கு 2-ம் நம்பர் ஒன்று. கேம்லின் போன்ற நம் நாட்டு ட்யூப் வர்ணத்தில் ஆறு நிறம்: இரண்டு நீலம், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, காவி, கரும்பழுப்பு. அப்புறம் ஒரு பென்சில், இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு பழைய வேட்டித் துணி. அவ்வளவுதான் மூலதனம்.

வரைவது எப்படி?

பறவை நமக்காக அசையாமல் உட்காராது. அதனால் ஒரே படத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து கோலத்தை ஆரம்பியுங்கள். குனிந்து மேய்வது ஒன்று, கழுத்தை நீட்டிப் பார்ப்பது ஒன்று, இறகைக் கோதுவது ஒன்று. பறவை திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வரும். வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உடம்புக்கு ஒரு பெரிய முட்டை, தலைக்கு ஒரு சின்ன முட்டை. இவற்றைக் கழுத்தால் இணையுங்கள். அலகு எந்தப் பக்கம், வால் எந்தச் சாய்வு என்று இரண்டு கோடு. கால் எங்கே வரும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குக்கு, அந்தப் பாதம் உடம்பின் பாரத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் கொக்கு விழப் போவது மாதிரி இருக்கும். இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். பறவைக்கு முழங்கால் பின்பக்கமாக மடிகிறது என்று நினைக்கிறோமே, அது முழங்கால் இல்லை, கணுக்கால்! முழங்கால் இறகுக்குள்ளே மறைந்திருக்கிறது. இது தெரிந்தாலே கால் சரியாக விழும்.

இனி வர்ணம். வாட்டர்கலரில் வெளிச்சம் வர்ணத்திலிருந்து வருவதில்லை, காகிதத்திலிருந்து வருகிறது. அதனால் வெளிர் நிறத்தை முதலில் போட்டு, அது காய்ந்த பிறகு அடர்த்தியானதைப் போட வேண்டும். கொக்குக்கு வெள்ளை வர்ணமே வேண்டாம்! கொக்கை அப்படியே வெறும் தாளாக விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் கோரையையும் தண்ணீரையும் தீட்டுங்கள். கொக்கு தானாக எழுந்து நிற்கும். வயிற்றடியில் மட்டும் நீர்த்த நீலத்தில் ஒரு நிழல்.

காகத்துக்குக் கறுப்பு ட்யூபை அப்படியே பிதுக்கினால் அடுப்புக்கரி மாதிரி உயிரில்லாமல் இருக்கும். நீலத்தையும் கரும்பழுப்பையும் கெட்டியாகக் கலந்தால் வருகிற கறுப்பில் ஒரு பளபளப்பு இருக்கும். கழுத்துச் சாம்பலுக்கு அதிலேயே தண்ணீர் கூட்டிக் கொள்ளலாம். மீன்கொத்தியின் நீலம் இருக்கிறதே, அது உண்மையில் சாயமே இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் சிதறுவதால் நம் கண்ணுக்கு நீலமாகப் படுகிறது. அதனால் அந்த இடத்தில் நீலத்தை ஒரே பூச்சாகப் போட்டுவிட்டு, மேலே கை வைக்காமல் விட்டுவிடணும். தேய்க்கத் தேய்க்க ஒளி போய்விடும்.

நம் ஊர் சீதோஷ்ணத்தையும் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பிரஷ் எடுக்குமுன் வர்ணம் காய்ந்துவிடும். தாளை முதலில் ஈரத்துணியால் துடைத்துக் கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் காயவே காயாது. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே குழம்பைத் தாளித்துவிட்டு வரலாம்.

200 வருஷத்துக்கு முந்தி மதராஸில்...

இது வெள்ளைக்காரர் கலை என்று சிலர் நினைக்கலாம். ஆரம்பத்தில் அப்படித்தான். ஆனால் நம் மதராஸுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதுவும் ஒரு பெண்மணியால்!

1801-ல் மதராஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு நீதிபதியாக வந்தவர் சர் ஹென்றி க்விலிம். அவருடைய மனைவி எலிசபெத். கூடவே தங்கை மேரி சைமண்ட்ஸும் வந்தார். எலிசபெத் பறவை பிடிப்பவர்களிடமிருந்து பறவைகளை வரவழைத்து, பார்த்துப் பார்த்து வாட்டர்கலரில் தீட்டினார். ஒவ்வொரு இறகும் எண்ணி எடுக்கலாம் போல அத்தனை நுணுக்கம். தங்கையும் சித்திரக்காரிதான், அவர் வரைந்தவற்றில் மீன்கள் உண்டு. எலிசபெத் தெலுங்கு கற்றுக் கொண்டார், செடி கொடிகளைப் பற்றிப் படித்தார், ஊரில் இருக்கும் தாய்க்கும் சகோதரிக்கும் சாப்பாடு, தோட்டம், துணிமணி என்று பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார். 1807 டிசம்பரில், 44-வது வயதில், இங்கேயே காலமாகி, ஜார்ஜ் கோட்டையில் உள்ள செயின்ட் மேரீஸ் மாதா கோயிலில் அடக்கமானார்.

அவர் தீட்டிய படங்கள் நூறு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1924-ல் கேஸி வுட் என்ற டாக்டர் லண்டனில் ஒரு கட்டைக் கண்டெடுத்தார். உள்ளே 120-க்கும் மேற்பட்ட பறவைச் சித்திரங்கள்! இன்று அவை கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கடிதங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. உலகமே கொண்டாடும் அமெரிக்கர் ஆடுபான் தம் பறவைப் படங்களை அச்சிட ஆரம்பித்தது 1827-ல். நம் மதராஸ் அம்மாள் அதற்கு இருபது வருஷம் முந்தியே வரைந்து முடித்துவிட்டார்.

கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் இன்னொருவர். 1829-ல் பிறந்து 1928-ல் மறைந்த இவர் நீலகிரிப் பறவைகளை வரைந்து குறிப்பும் எழுதினார். அவர் ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கின்றன. நம்மவர் என்று சொல்ல மா. கிருஷ்ணன் இருக்கிறார். 1912-லிருந்து 1996 வரை வாழ்ந்த அந்த மயிலாப்பூர்க்காரர், காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, படத்தையும் தாமே போட்டுக் கொள்வார்.

அத்தையும் மடையானும்

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று நானும் நினைத்திருந்தேன், என் மாமியார் படுக்கையில் விழும் வரை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது புரியும். பதில் சொல்ல வார்த்தை வராது. வராத கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "தினமும் படம் காட்டிப் பேர் சொல்லச் சொல்லுங்க" என்று அட்டைகள் கொடுத்தாள். ஆப்பிள், ஆகாய விமானம், குடை. அத்தை முகத்தைத் திருப்பிக் கொண்டார். எழுபத்தெட்டு வயதில் அரிச்சுவடியா என்று அவருக்கு அவமானம்.

ஒரு நாள் மத்தியானம் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் ஏரிக்கரையில் கிறுக்கியதற்கு வர்ணம் போட்டுக் கொண்டிருந்தேன். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் இருந்துவிட்டு, பறந்தால் பளீரென்று வெள்ளைச் சிறகு விரிக்குமே, அந்தப் பறவை. அத்தை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். உதடு கோணியது. "ம... மடை... மடையான்" என்றார்.

அவர் பிறந்து வளர்ந்தது மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். ஏரியும் வயலும் பார்த்த கண். எங்கள் பாடத்திட்டம் அன்றே மாறிவிட்டது. தினம் ஒரு பறவை. நாமக்கோழி, உள்ளான், உண்ணிக்கொக்கு. சில நாள் பெயர் வராது. கையால் பறந்து காட்டுவார். தாழைக்கோழி வரைந்த அன்று, "வாலு... ஆட்டும்" என்று இரண்டு வார்த்தை சேர்ந்து வந்தது. அது நடக்கும்போது வாலை வெட்டி வெட்டி ஆட்டும் என்று சொல்கிறார்! இன்னொரு நாள், "எச்சம்... வயலுக்கு... நல்லது" என்றார். வேடந்தாங்கல் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காப்பாற்றி வந்ததற்கு அதுதான் காரணம். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்.

படம் வரைந்தால் பக்கவாதம் குணமாகும் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து, உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் முறையாக நடந்தன, நடக்கின்றன. இன்றும் நீளமாகப் பேச அத்தை திணறுவார். ஆனால் தமக்குத் தெரிந்த ஒன்றை மருமகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்ற மிடுக்கு அவர் முகத்துக்குத் திரும்பியது. வீட்டில் நோயாளி உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: அவர்களுடைய ஊர், அவர்களுடைய தொழில், அவர்கள் சிறு வயதில் பார்த்தது எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். உட்கார்ந்து பார்த்துக் கொள்ளும் நமக்கும் அந்த அரைமணி நேரம் ஓர் இளைப்பாறல்.

சில எச்சரிக்கைகள்

* பிரஷ் நுனியைக் கூராக்க வாயில் வைக்காதீர்கள். கேட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் கலந்த வர்ணங்கள் உண்டு. வர்ணத் தண்ணீர் டம்ளரைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.
* இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையை நிமிர்த்தித் தூரத்து மரத்தைப் பாருங்கள். கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லது.
* வரைவதற்காகக் கிளியையோ முனியாவையோ கூண்டோடு வாங்காதீர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.
* கூடு கட்டும் மரத்தருகே போய் நிற்காதீர்கள். தாய்ப் பறவை பயந்து எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், காகத்துக்கும் கொண்டாட்டம்.
* மழைக்காலத்தில் தாளில் பூஞ்சை பிடிக்கும். பாலிதீன் உறையில் போட்டு, மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை உடன் வையுங்கள்.

தேதியைப் போட மறக்காதீர்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தேதி, இடம், பறவையின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். ஏன் என்கிறீர்களா?

நம் தென்பகுதி ஏரிகளின் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடிப் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்தச் சதுப்பு நிலம் கட்டடங்களாலும் குப்பையாலும் சுருங்கிப் போயிற்று. 2007-ல் சுமார் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சர் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகச் சுமார் 1,248 ஹெக்டேர் சேர்க்கப்பட்டது. தண்ணீர் தங்க இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தோம்.

என் முதல் நோட்டில் எங்கள் ஏரிக்கரையின் ஒரு மூலையில் நீலத்தாழைக்கோழி ஒன்பது முறை வருகிறது. அந்த மூலையில் மண் கொட்டி மேடாக்கிய பிறகு வரைந்த நோட்டுகளில் ஒரு முறைகூட இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் நோட்டே சொல்கிறது. க்விலிம் அம்மாள் வரைந்ததால்தான் 1800-களில் மதராஸில் என்ன பறந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. இன்று தாம்பரத்தில் என்ன பறக்கிறது என்பதை நம் பேத்திகளுக்கு யார் சொல்வது? படம் அழகாக வந்ததா இல்லையா என்பது அப்புறம். பென்சிலைச் சீவிக் கொள்ளுங்கள். காகம் வருகிற நேரம்தான்!