முன்னாள் படைவீரரின் மூச்சு நோயும் ஊன ஓய்வூதியமும்

சென்ற ஆண்டு சுதந்திர தினத்தன்று எங்கள் வட்டாரத்துக் கிராம சபை ஒன்றில் கலந்துகொள்ளச் சென்றிருந்தேன். கூட்டம் கலைந்ததும் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். நான்கு சொல் பேசுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். பதினேழு ஆண்டுகள் இராணுவத்தில் பணியாற்றியவர். அவற்றுள் மூன்று குளிர்காலங்களை லடாக்கின் பனிமலைகளில் கழித்தவர். "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறதென்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்று ஓர் ஆங்கிலக் கடிதத்தை நீட்டினார். தகரப் பெட்டியில் ஒன்பது ஆண்டுகள் கிடந்த கடிதம் அது. அவருடைய இரைப்பு நோய் படைப்பணியால் வந்ததன்று. ஆகவே ஊன ஓய்வூதியம் இல்லை. இம்முடிவை ஏற்காவிடில் ஆறு மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்பதே அதன் சாரம். அந்தக் கடைசி வரியை அவர் அறிந்திருக்கவே இல்லை.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே பலர் அழைப்பர். அவ்வளவு இல்லாவிடினும், படைக்கு ஆள் அனுப்பாத கிராமம் நம் நாட்டில் அரிது. ஆதலின் இவ்விஷயத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்து வைத்திருத்தல் நலம்.

நோயின் இயல்பு

நெற்றியிலும் கன்னங்களிலும் எலும்பினுள்ளே சிறு காற்றறைகள் உள்ளன. அவை மெல்லிய துளைகளின் வழியே மூக்கோடு தொடர்பு கொண்டவை. புகையாலோ, தூசியாலோ, கிருமியாலோ உட்சவ்வு வீங்கித் துளை அடைபட்டால், சளி உள்ளே தேங்கிச் சீழாகின்றது. தலைபாரமும், மூக்கடைப்பும், கன்னவலியும் தோன்றுகின்றன. நம்மவர் பீனிசம் என்பதும், மருத்துவர் சைனஸ் அழற்சி என்பதும் இதுவே. பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோயாகும். அழற்சி மூச்சுக் குழல்களைப் பற்றி அவற்றைச் சுருங்கச் செய்யின் இரைப்பு, அதாவது ஆஸ்துமா, தோன்றுகின்றது.

படைவீரர் வாழ்க்கை இவ்வுறுப்புகளுக்கு உகந்ததன்று. பனிமலையில் காற்று குளிர்ந்தும் வறண்டும் இருக்கும். குளிர் காய்வதற்கு அடைத்த பதுங்கறையில் மண்ணெண்ணெய் அடுப்பை எரிப்பர். அந்தப் புகையையே இரவெல்லாம் சுவாசிக்க நேரும். இராஜஸ்தான் எல்லையிலோ மணற்புழுதி. வண்டிப் பட்டறையில் எந்திரப் புகை. இவையெல்லாம் புதிதாக நோயைத் தோற்றுவிக்கலாம். முன்பே இருந்த சிறு நோயைப் பெரிதாக்கவும் கூடும்.

இரண்டு கேள்விகள்

ஊன ஓய்வூதியம் கோருவோர் இரண்டு கேள்விகளில் தேற வேண்டும். முதலாவது: நோய் படைப்பணியால் விளைந்ததா, அல்லது படைப்பணியால் மிகுந்ததா? இரண்டில் ஒன்று போதும். இரைப்பு நோயைப் பொறுத்தவரை, "பிறவி வாகு" என்று மருத்துவ வாரியம் கூறினாலும், பணியால் அது மிகுந்தது என்று காட்ட இடமுண்டு. இரண்டாவது: ஊனத்தின் அளவு என்ன? பொதுவாக அது நூற்றுக்கு 20-க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். நாட்பட்ட பீனிசம் மட்டும் உள்ளவர்க்கு வாரியம் இதனினும் குறைந்த அளவே குறித்துவிடக்கூடும். எனவே எத்தனை முறை நோய் வந்தது, அறுவைச் சிகிச்சை நடந்ததா, எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்பனவெல்லாம் ஆவணத்தில் ஏறியிருத்தல் அவசியம்.

தொகையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். முழு ஊனத்திற்குரிய பகுதி, இறுதிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30. சம்பளம் 40,000 ரூபாய் எனில் அது மாதம் 12,000 ரூபாய். 20 சதவீத ஊனத்திற்கு 2,400 ரூபாய். ஆனால் 50 சதவீதத்திற்குக் குறைந்த ஊனத்தை 50 என உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி 6,000 ரூபாய் ஆகும். நோயால் இடையில் விலக்கப்பட்டோர்க்கு மட்டும் இருந்த இச்சலுகையை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றோர்க்கும் உரியதெனப் பாரத உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

2013-ஆம் ஆண்டு தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விளக்கம் தந்தது. படையில் சேரும்போது நடந்த மருத்துவச் சோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லையாயின், அவர் நல்ல உடல்நிலையுடன் சேர்ந்தார் என்றே கொள்ளல் வேண்டும். நோய் பணியால் வந்ததன்று எனில் அதற்குரிய காரணத்தை வாரியம் எழுதிக் காட்ட வேண்டும். ஐயம் எழுமாயின் அதன் பயன் வீரருக்கே என்பது அத்தீர்ப்பின் கருத்து. இது 1982-ஆம் ஆண்டு விதிகளையொட்டி எழுந்தது. பின்னர் 2008-லும் 2023-லும் புதிய விதிகள் வந்துள்ளன. ஆகவே படையிலிருந்து விலகிய தேதியைக் கொண்டு, எந்த விதி பொருந்தும் என்று முதலில் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

பீடி, சிகரெட்டு, மது ஆகியவற்றை அளவு மீறிப் பயன்படுத்தியதால் விளைந்த ஊனத்திற்கு உதவி இல்லை என்பதும் விதி. மூச்சு நோயில் இக்கேள்வி எழாமல் இராது.

அமெரிக்க நாட்டில் வேறு வழியைக் கையாண்டனர். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்முகாம்களில் குப்பைகளைப் பெருங்குழிகளில் இட்டு எரித்த புகையால் ஆயிரக்கணக்கான வீரர் நோயுற்றனர். 2021-லும், 2022 ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தின் மூலமும், அவ்விடங்களில் பணி செய்தோரின் ஆஸ்துமா, பீனிசம் முதலியன பணியால் வந்தனவே எனக் கொள்ளப்பட்டன. அங்கும் இதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. புகை தீங்கு செய்கிறது என்பது உடனே தெரியும். அதைக் காகிதத்தில் நிறுவுவதே கடினம்.

சேகரிக்க வேண்டிய ஆவணங்கள்

1. படைவிலகல் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும்.
2. ஓய்வின்போது நடந்த மருத்துவ வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பு. கையில் இல்லாவிடில் தம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு எழுதிக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழும் கோரலாம்.
3. பணிக்காலத்தில் இராணுவ மருத்துவமனையில் தங்கிய சீட்டுகள்.
4. எந்த ஆண்டு எந்த இடத்தில் பணி என்பதற்கான விவரம்.
5. இன்றைய நிலையைக் காட்டும் சான்றுகள்: மூச்சின் அளவைக் கருவியால் கணிக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை, பீனிசமாயின் சி.டி. ஸ்கேன்.

தாமதம் பெருநஷ்டம்

கோரிக்கை தள்ளப்பட்டால் முதல் மேல்முறையீடும், அதன்பின் இரண்டாவது மேல்முறையீடும் உண்டு. அவற்றிலும் பயனில்லையாயின், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு உள்ளது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்தருளவும் அதற்கு அதிகாரம் உண்டு. எனினும் இழந்த காலம் முழுதும் திரும்பாது. 1983-ல் படையிலிருந்து விலக்கப்பட்டு 1999-ல் வழக்குத் தொடுத்த தர்சேம் சிங் என்ற வீரருக்கு, வழக்குக்கு முந்திய மூன்று ஆண்டுகளின் நிலுவை மட்டுமே உரியது என 2008-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஏனைய ஆண்டுகளின் பணம் போனது போனதுதான்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்துத் தலைவர்களும் அங்கத்தினர்களும் தத்தம் கிராமத்து முன்னாள் வீரர்கள், அவர்தம் விதவைகள் ஆகியோரின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வந்த கடிதம் எவரிடமேனும் இருந்தால் படித்துப் பொருள் சொல்ல ஏற்பாடு செய்யலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அவர்களை அனுப்பி வைக்கலாம். தரகர்க்குப் பணம் கொடுத்து ஏமாறாதபடி எச்சரிக்கலாம். இவற்றுக்கெல்லாம் பஞ்சாயத்து நிதியில் ஒரு காசும் செலவில்லை.

நான் சந்தித்த பெரியவருக்கு, தாமதத்திற்கான காரணத்தை விளக்கி மேல்முறையீடு எழுதி அனுப்பியுள்ளோம். முடிவு இன்னும் வரவில்லை. சாதகமாகவே வரும் என்று நான் உறுதி கூற இயலாது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அக்கடிதத்தை யாரேனும் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தால், தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்கும் அந்த முதல் பக்கத்தை எழுத வேண்டிய தேவையே நேர்ந்திராது. உங்கள் ஊரில் எந்தத் தகரப் பெட்டியில் எந்தக் கடிதம் கிடக்கிறதோ? அடுத்த கிராம சபை கூடுமுன் விசாரித்துப் பாருங்கள்.