குரல் மட்டும் போதும் என்றார்கள்

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் போர்ட்ஸ்மவுத் நகரம். அங்கே ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையத்தில் இருபது வயது இளைஞர் ஒருவர் செய்தி வாசித்துவந்தார். பார்ப்பவர்களுக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்கும். திரையில் நிலையத்தின் சின்னம் நிற்கும். காரணம், அவர் கறுப்பர். ஒருநாள் அந்தச் சின்னத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, முகம் தெரிய செய்தி வாசித்தார். மறுநாளே வேலை போயிற்று.

அவர் பெயர் மேக்ஸ் ராபின்சன். வேலை போனதால் அவர் தொழிலை விடவில்லை. வாஷிங்டன் சென்றார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் 1968இல் மூண்ட கலவரத்தைக் களத்தில் நின்று செய்தியாக்கினார். கறுப்பர் வாழும் அனகோஸ்டியா பகுதியைப் பற்றி ஆவணப்படம் எடுத்து எம்மி விருது பெற்றார். 1975இல் கறுப்பினப் பத்திரிகையாளர் 44 பேர் கூடித் தேசியச் சங்கம் தொடங்கியபோது அவரும் அதில் ஒருவர். 1978இல் ஏபிசி நிறுவனத்தின் மாலைச் செய்தியை வழங்கிய மூவரில் ஒருவரானார். தேசிய அளவில் இந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பர் அவர்தான்.

இடம் கிடைத்ததும் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. முக்கியச் செய்திகளிலிருந்து கறுப்பர்களை ஒதுக்குகிறார்கள் என்று 1981இல் மேடையில் வெளிப்படையாகப் பேசினார். நிர்வாகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. 1983இல் அந்த இருக்கை கையைவிட்டுப் போனது. மன அழுத்தமும் குடியும் அவரை அரித்தன. 1988 டிசம்பரில், 49 வயதில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். தன் சாவைச் சொல்லியாவது தன் மக்களுக்கு இந்நோய் பற்றி விழிப்பூட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இந்தக் கதை நமக்கு எதற்கு? 1996இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் டெல்லி நிருபராக இருந்த கென்னத் கூப்பர், தாமும் கறுப்பர், ஒரு தலித் பத்திரிகையாளரிடம் பேச விரும்பினார். மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் உதவி கேட்டார். உனியால் அரசு அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலைப் புரட்டினார். பலரிடம் விசாரித்தார். ஒருவர்கூட அகப்படவில்லை. 2006இல் டெல்லி ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்திலுள்ள 315 பேரை ஆய்வு செய்தார்கள். அதிலும் தலித், பழங்குடியினர் ஒருவரும் இல்லை.

1893இல் இரட்டைமலை சீனிவாசனும் 1907இல் அயோத்திதாசரும் சொந்தமாகப் பத்திரிகை நடத்திய மண் நம்முடையது. எழுதத் தெரியாதவர்களல்ல நாம். ராபின்சனின் முகத்தை மறைக்க அங்கே ஒரு படம் தேவைப்பட்டது. இங்கே ஆளையே உள்ளே விடாததால் அதுவும் தேவைப்படவில்லை. வன்கொடுமை நடந்த அன்று நம் தாய்மார்களின் அழுகை திரைக்கு வருகிறது. அந்தச் செய்தி எத்தனை நிமிடம், எந்தத் தலைப்பில் என்று முடிவு செய்யும் மேசையில் நாம் இருக்கிறோமா?

அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்களின் சங்கம், செய்தியறைகளில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று 1978 முதல் கணக்கெடுத்து வெளியிட்டது. நம் தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் அப்படியொரு கணக்கைத் தாமே வெளியிடட்டும். முதலில் நாம் கேட்பது அதைத்தான்.